குளவிக்கூட்டை இடிச்ச மாமா: வீட்டைச் சுத்தி இருக்குற இயற்கையும் நம்ம வீட்டுக் குழந்தைகளும்

(எபிசோடின் ஒலிப்பதிவை, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி இங்கே கொடுத்திருக்கேன். பேச்சு நடையை முழுசா மாத்தலை.)



போன எபிசோட்ல வீட்டிலிருந்து வேலை பார்க்குறதைப் பத்திப் பேசியிருந்தேன். அதுக்கு வந்த மெயில்கள்ல நிறைய பேர் கேட்டது வேலையைப் பத்தி இல்லை. "வீட்டுல மூணு வயசு, நாலு வயசுக் குழந்தை இருக்கு. நாங்க மீட்டிங்ல இருக்கும்போது போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். வேற வழி இருக்கா?" இதுதான் கேள்வி.

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. குழந்தை வளர்ப்பைப் பத்திப் பேச எனக்குத் தகுதி கிடையாது. நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆனா எங்க வீட்டுல அம்மா, அக்கா, அத்தான், அக்காவோட நாலு வயசுப் பொண்ணு, நான்னு அஞ்சு பேர் சேர்ந்து இருக்கோம். சென்னையில மூணாவது மாடியில வாடகை வீடு. பால்கனியில அஞ்சு தொட்டி. கறிவேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, செம்பருத்தி, அப்புறம் செத்துப்போன ஒரு ரோஜா. அதை இன்னும் தூக்கிப் போடலை. அக்காவும் அத்தானும் ஆபீஸ் போயிடுவாங்க. வாரத்துல மூணு நாள் எனக்கு வீட்டுலயே வேலை. அந்த மூணு நாளும் பாப்பா, நான், அம்மா.

அதனால இன்னைக்கு நான் பேசப்போறது, நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தியும், அதுக்கப்புறம் எங்க வீட்டுல மாறினதைப் பத்தியும்.

குளவி வந்த கதை

எங்க ஹால் ஜன்னல் ஓரத்துல, கம்பிக்கும் சுவருக்கும் நடுவுல, ஒரு குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்ட ஆரம்பிச்சது. முதல்ல பார்த்தது பாப்பாதான். "மாமா, அது வந்துருச்சு. மாமா, அது போயிருச்சு"ன்னு ஒவ்வொரு தடவையும் எனக்கு ரிப்போர்ட் வரும். காதுல ஹெட்செட்டோட நான் தலையை ஆட்டுவேன். மூணு நாள் இப்படிப் போச்சு.

சனிக்கிழமை வீடு சுத்தம் பண்ணும்போது துடைப்பத்தோட கட்டையால அந்தக் கூட்டை இடிச்சுத் தள்ளிட்டேன். யோசிக்கவே இல்லை. குளவி கொட்டும், குழந்தை இருக்குற வீடு, அவ்வளவுதான். நல்லது பண்றோம்னுதான் நினைச்சேன்.

கூடு கீழ விழுந்து உடைஞ்சது. உள்ள நாலஞ்சு பச்சைப் புழு இருந்துச்சு. நான் "ச்சீ"ன்னு ஒரு அடி பின்னால போனேன். பாப்பா முகத்தைப் பார்த்தேன். அவ புழுவைப் பார்க்கலை, என்னைத்தான் பார்த்துட்டு இருந்தா.

அம்மா சமையல்கட்டுலேர்ந்து வந்து, "ஏம்ல இடிச்ச? குளவி கூடு கட்டுன வீட்டுல பிள்ளை பொறக்கும்னு சொல்லுவாவல்லா"ன்னாங்க. நான் சிரிச்சுட்டு மண்ணைக் கூட்டி அள்ளிட்டேன்.

பத்து நிமிஷத்துல குளவி திரும்ப வந்துச்சு. வாயில மண் உருண்டை. கூடு இருந்த இடத்துல சுவர்ல ஒரு மண் கறை மட்டும் இருந்தது. அது அந்தக் கறையையே சுத்திச் சுத்தி வந்துச்சு. போகும், மறுபடி வரும். பாப்பா ஜன்னலுக்குக் கீழ உட்கார்ந்து அதைப் பார்த்துட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, "அது இப்ப எங்க தூங்கும்?"

எனக்குப் பதில் தெரியலை.

அந்தக் கூட்டுக்குள்ள என்ன நடந்துட்டு இருந்துச்சு?

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். எங்க ஊர்ப் பக்கம், குளவி ஒரு புழுவைப் பிடிச்சு அடைச்சு வச்சு, கொட்டிக் கொட்டியே அதையும் குளவியா மாத்திடும்னு சொல்லுவாங்க. கூட்டுக்குள்ள புழு போனதைப் பார்த்திருக்காங்க, கொஞ்ச நாள் கழிச்சு அதே கூட்டிலிருந்து குளவி வந்ததையும் பார்த்திருக்காங்க. பார்த்தது ரெண்டுமே சரி. நடுவுல உள்ளதுதான் கண்ணுக்குத் தெரியலை.

உண்மையில நடக்குறது இது. மண்ணால கூடு கட்டுற இந்தக் குளவிகள் கூட்டமா வாழாது. ஒரே ஒரு தாய்க்குளவிதான் எல்லா வேலையும் செய்யும். கூடு கட்டி, அறைக்குள்ள முட்டை வைக்கும். அப்புறம் புழுக்களைத் தேடிப் பிடிச்சு, கொட்டி மயக்கி, உள்ள அடுக்கும். புழு சாகாது, ஆனா அசையவும் முடியாது. செத்தா அழுகிடும், உயிரோட இருந்தாத்தான் கெடாது. கிட்டத்தட்ட ஃபிரிட்ஜ் இல்லாத ஃபிரிட்ஜ். வாயை மண்ணால அடைச்சுட்டுத் தாய் போயிடும். முட்டையிலிருந்து வர்ற குளவிக்குஞ்சு அந்தப் புழுக்களைச் சாப்பிட்டு வளர்ந்து, கூட்டை ஓட்டை போட்டுட்டு வெளியே வரும். இன்னொரு வகை மண் குளவி புழுவுக்குப் பதிலா சிலந்திகளை அடுக்கும்.

இந்தத் தனிக்குளவிங்க கூட்டைக் காக்குறதுக்காக ஆளைத் துரத்திக் கொட்டுறது ரொம்ப அபூர்வம். கையில பிடிச்சா, நசுக்கினாக் கொட்டும். அதாவது நான் எந்த ஆபத்துலேர்ந்து வீட்டைக் காப்பாத்தினேன்னு நினைச்சேனோ, அந்த ஆபத்து அங்கே பெருசா இல்லவே இல்லை. மூணு நாளா ஒரு நாலு வயசுக் குழந்தை தானாவே பார்த்துட்டு இருந்த ஒண்ணைத்தான் நான் இடிச்சிருக்கேன்.

அடுத்த வாரம் நடந்தது

இதோட முடிஞ்சிருந்தா இந்த எபிசோடே இருந்திருக்காது.

அடுத்த வாரம் ஒரு நாள் நான் கால்ல இருந்தேன். பாப்பா பால்கனியிலிருந்து ஓடி வந்தா. முகத்துல அவ்வளவு பெருமை. "மாமா, பூச்சி. அடிச்சிட்டேன்." கையில என் செருப்பு. போய்ப் பார்த்தா, கறிவேப்பிலைத் தொட்டி பக்கத்துல தரையில ஒரு பச்சைப் புழு நசுங்கிக் கிடந்துச்சு.

அவ அதுக்கு முன்னாடி எதையும் அடிச்சதில்லை. நானும் "பூச்சியை அடி"ன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனா ஒரு துடைப்பக்கட்டை, ஒரு "ச்சீ", பின்னால எடுத்து வச்ச ஒரு அடி, இவ்வளவுலேயே பாடம் முடிஞ்சிருச்சு. அவ அதைச் சரியாத்தான் படிச்சிருக்கா.

இயற்கையைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்துறதுன்னா நாம உடனே என்ன நினைப்போம்? வண்டலூர் கூட்டிட்டுப் போகணும், படப்புத்தகம் வாங்கணும், செடி நடணும். இது எல்லாமே நல்லதுதான். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே அறிமுகம் நடந்து முடிஞ்சிடுது. பல்லி விழுந்தா நாம போடுற கத்தல், மண்ணைத் தொட்டா "ஐய, அழுக்கு"ன்னு இழுக்குற கை, இதெல்லாம்தான் அந்த அறிமுகம். அதனால குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நம்ம உடம்பு பேசுறதை நாம கவனிக்கணும். எனக்குப் புழுன்னா அருவருப்பு, இன்னமும் இருக்கு. அதை மறைக்கவும் வேண்டாம். "மாமாவுக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, ஆனா பார்க்கணும் போலவும் இருக்கு, வா சேர்ந்து பார்ப்போம்"னு சொன்னாப் போதும். பயம் இருந்தாலும் பார்க்கலாம்னு அவங்களுக்குப் புரியும்.

பேரைக் கடைசியில சொல்லுங்க

நான் செஞ்ச அடுத்த தப்பு, இன்ஜினியர் புத்தி. குற்ற உணர்ச்சியில ஒரே நாள்ல நாலு ஆப் இறக்கினேன். பாப்பா எதைக் காட்டினாலும் போனை நீட்டி, படம் எடுத்து, பேரைச் சொல்லிடுவேன். "இது மைனா." "இது செம்பருத்தி." பேர் கிடைச்சதும் அவ அடுத்ததுக்குப் போயிடுவா. ஒவ்வொண்ணுக்கும் பத்து செகண்ட் கூட ஆகலை. டிக்கெட்டை க்ளோஸ் பண்ற மாதிரி.

தற்செயலா மாறினது காக்கா விஷயத்துல. எங்க அம்மா தினமும் சாப்பிடுறதுக்கு முன்னாடி பால்கனி சுவர்ல காக்காவுக்குச் சோறு வைப்பாங்க. ஒரு நாள் பாப்பா சொன்னா, "ஆச்சி, இந்தக் காக்கா துண்டு போட்டிருக்கு." எட்டிப் பார்த்தா உண்மைதான். கழுத்துல சாம்பல் நிறம், துண்டைச் சுத்தின மாதிரி. அதுதான் நாம ஊருக்குள்ள அதிகமாப் பார்க்குற வீட்டுக்காகம். இன்னொண்ணு அண்டங்காக்கை, உடம்பு முழுக்கக் கறுப்பு, அலகும் தடிமனா இருக்கும். இருபத்தெட்டு வருஷமா காக்காவைப் பார்க்குறேன், ரெண்டு காக்கா இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது. நான் பேரே சொல்லலை. அன்னையிலிருந்து எங்க வீட்டுல "துண்டுக்காக்கா", "துண்டில்லாத காக்கா". ஒரு மாசம் கழிச்சு, அவளா "இதுக்கு நிஜப் பேர் என்ன?"ன்னு கேட்டப்போ சொன்னேன். இன்னும் மறக்கலை.

ஆக, வரிசை இதுதான். முதல்ல பார்க்க விடுங்க. அப்புறம் "இதுல என்ன தெரியுது?"ன்னு கேளுங்க. அவங்க வைக்கிற பேரை ஏத்துக்கோங்க. நிஜப் பேர் கடைசி. நமக்குத் தெரியாதுன்னா "தெரியலையே, ரெண்டு பேரும் பார்ப்போமா?"ன்னு சொல்றதுல ஒரு குறைச்சலும் இல்லை.

பூச்சிக்கொல்லிகளைப் பத்தி 1962-ல வந்த 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகத்தை எழுதின ரேச்சல் கார்சனை நிறைய பேருக்குத் தெரியும். அவங்க 1956-லயே சின்னக் குழந்தைகளுக்கு இயற்கையைக் காட்டுறதைப் பத்தி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதியிருக்காங்க. அவங்க இறந்த பிறகு, 1965-ல, அது 'தி சென்ஸ் ஆஃப் வொண்டர்'னு புத்தகமா வந்தது. அதுல வர்ற பையன் அவங்க சொந்த மகன் இல்லை, அக்காவோட பேரன். கடலோரத்துலயும் காட்டுலயும் அந்தப் பையனோட நடந்த அனுபவம்தான் அந்தக் கட்டுரை. பெத்தவங்கதான் செய்யணும்னு இல்லை, மாமா, சித்தி, ஆச்சி, தாத்தா யாரு வேணும்னாலும் செய்யலாம்னு எனக்குத் தைரியம் வந்தது அதைப் படிச்சுத்தான்.

ஒரே இடம், திரும்பத் திரும்ப

செருப்படி பட்ட அந்தப் புழு வேற எதுவும் இல்லை, பட்டாம்பூச்சியோட புழு. கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடியில வழக்கமா முட்டை வைக்கிற ரெண்டு பட்டாம்பூச்சிகள் நம்ம ஊர்ல உண்டு. தமிழ்ல அழகான பேர், கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. மூணாவது மாடித் தொட்டியையும் தேடிக் கண்டுபிடிச்சு வந்துடும்.

அந்தச் செடியில இன்னும் சில புழு இருந்துச்சு. அதைத்தான் நாங்க தினமும் பார்க்க ஆரம்பிச்சோம். காலையில பல் தேய்ச்சதும் அஞ்சு நிமிஷம். கையால தொடக்கூடாது, கண்ணால மட்டும். தினமும் ஒரே இடத்துல நின்னு ஒரு போட்டோ. எங்க வேலையில பழைய கோடையும் புதுக் கோடையும் பக்கத்துல வச்சு, என்ன மாறியிருக்குன்னு பார்ப்போம், அதை டிஃப்னு சொல்லுவோம். பாப்பாகிட்ட நேத்து எடுத்த படத்தையும் இன்னைக்கு எடுத்ததையும் காட்டி "என்ன மாறியிருக்கு?"ன்னு கேட்பேன். அவ கண்ணு என்னை விடக் கூர்மை.

நீங்களும் பார்க்கணும்னா இதுதான் வரிசை. இளந்தளிர்ல குண்டூசித் தலை அளவுக்கு வெளிர் மஞ்சளா ஒரு முட்டை. அதிலிருந்து வர்ற சின்னப் புழு பழுப்பும் வெள்ளையுமா, அப்படியே பறவை எச்சம் மாதிரி இருக்கும். இலையில எச்சம் கிடக்குன்னு நினைச்சுப் பறவை விட்டுட்டுப் போயிடும். தோலை உரிச்சு உரிச்சு வளர்ந்து, கடைசியில பச்சையா மாறிடும். இப்போ அது இலையோட இலை. தொந்தரவு பண்ணினா தலைக்குப் பின்னாலேர்ந்து ரெண்டா பிரிஞ்ச ஒரு கொம்பை நீட்டும், கூடவே ஒரு கெட்ட வாடை வரும். பாப்பாவுக்கு அது தெரிஞ்சது ஒரு எறும்பாலதான். எறும்பு மேல ஏறினதும் கொம்பு வெளியே வந்துச்சு. அவ கத்தின கத்துல என் கால்ல இருந்த எல்லாரும் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் புழுவைக் காணோம்னா பயப்பட வேண்டாம். கூட்டுப்புழுவாக அது ஒரு இடம் தேடிப் போகும். தொட்டிக்குப் பின்னால, ஜன்னல் கம்பியில, கொடிக்கயித்துல எல்லாம் தேடிப் பாருங்க. இடுப்புல ஒரு மெல்லிய பட்டு நூலைக் கட்டிக்கிட்டு, சாய்ஞ்சு தொங்கிட்டு இருக்கும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாசம். ஒரு குழந்தை ஒரு மாசம் ஒண்ணுக்காகக் காத்திருக்கிறதை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.

எல்லாப் புழுவும் பட்டாம்பூச்சி ஆகாது, இதையும் சொல்லணும். நாங்க எண்ணி வச்ச அஞ்சுல ரெண்டுதான் கூட்டுப்புழு வரைக்கும் போச்சு. ஒண்ணை எங்க கண்ணு முன்னாடியே ஒரு தையல்சிட்டு கொத்திட்டுப் போயிருச்சு. பாப்பா அழுதா. "குருவிக்கும் குட்டி இருக்கும்லா, அதுக்குப் பசிக்கும்லா"ன்னு அம்மா சொன்னாங்க. அவ சமாதானம் ஆகலை. நாங்களும் அதுக்கு மேல எதுவும் சொல்லலை. எல்லாத்துக்கும் உடனே சமாதானம் சொல்லி முடிக்கணும்னு இல்லைன்னு நினைக்கிறேன்.

வீட்டுலயே இன்னும் சில இடங்கள்

பால்கனியே இல்லாத வீடுன்னாலும் கவலை இல்லை. இது நாலும் எல்லா வீட்டுலயும் இருக்கும்.

எறும்பு. தரையில ஒரு சாரி போகும்போது, நடுவுல விரலால குறுக்க ஒரு தடவை அழுத்தித் தேய்ங்க. வர்ற எறும்புங்க அந்த இடத்துல நின்னு தடுமாறும். முன்னால போன எறும்பு விட்டுட்டுப் போன வாசனையைத்தான் பின்னால வர்றது பிடிச்சுட்டு வரும், நீங்க தேய்ச்சது அந்த வழியை. கொஞ்ச நேரத்துல பாதை சரியாயிடும். எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குழந்தையை எண்ணச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஒரு தாள்ல சர்க்கரை, தேங்காய்த் துருவல், உப்பு மூணையும் தனித்தனியா வச்சு எது முதல்ல காலியாகுதுன்னு பாருங்க. கடிக்காத கறுப்புப் பிள்ளையார் எறும்பா இருந்தா நல்லது, சிவப்பு எறும்புன்னா தள்ளியே நில்லுங்க.

பல்லி. சாயங்காலம் டியூப்லைட் பக்கத்துல எத்தனை வருதுன்னு எண்ணலாம். அது சுவர்ல ஒட்டுறது பசையால இல்லை. விரல்களுக்கு அடியில லட்சக்கணக்கான நுண்ணிய முடிகள் இருக்கு, சுவருக்கும் அந்த முடிகளுக்கும் நடுவுல உள்ள மூலக்கூறு ஈர்ப்புதான் பிடிச்சு வைக்குது. வாலை விட்டுட்டு ஓடினாலும் திரும்ப வளரும். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனா எச்சத்துல வயித்தைக் கெடுக்குற கிருமி இருக்கலாம், அதனால சாப்பாட்டை மூடி வைக்கிறது எப்பவும் நல்லது.

நிலா. நிலாவைக் காட்டிச் சோறூட்டுறது நமக்குப் புதுசு இல்லை. அதுல ஒண்ணு சேர்த்துக்கோங்க. பௌர்ணமி அன்னைக்கு நிலா எந்தக் கட்டிடத்துக்கு மேல, எத்தனை மணிக்கு வருதுன்னு பாருங்க. அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போனா அது இருக்காது. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியா 50 நிமிஷம் தாமதமா உதிக்கும். "நிலா இன்னைக்கு லேட்"னு எங்க பாப்பா சொல்லுவா. விளக்கம் அப்புறம் தானா வரும்.

குரல். கோடையில விடியுறதுக்கு முன்னாடியே "கூ... ஊ"ன்னு ஏறிட்டே போற குரல் ஆண் குயில். அதுதான் கறுப்பு, சிவப்புக் கண்ணு. பெண் குயில் பழுப்பா, உடம்பெல்லாம் புள்ளியா இருக்கும். குயில் கூடு கட்டாது, காக்கா கூட்டுல முட்டை வச்சுட்டுப் போயிடும், வளர்க்குறது காக்கா. இதை ஒரு கதையாச் சொன்னா, காக்காக்கூடு கண்ணுல படும்போதெல்லாம் கேள்வி வரும்.

இதெல்லாம் ரொம்பச் சாதாரணம்னு தோணலாம். மா. கிருஷ்ணன்னு ஒரு இயற்கையாளர் இருந்தார், எழுத்தாளர் அ. மாதவையாவோட மகன், சென்னையில மயிலாப்பூர்ல வாழ்ந்தவர். 1950-லேர்ந்து 1996-ல இறக்குற வரைக்கும் 'தி ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில 'கன்ட்ரி நோட்புக்'னு ஒரு பத்தி எழுதினார். காட்டு யானையைத் தேடி அலைஞ்ச அதே மனுஷன், வீட்டுப் பக்கம் வர்ற காக்காவையும் அணிலையும் அதே அக்கறையோட எழுதினார். 46 வருஷம். எழுத விஷயம் தீரலை.

எந்த வயசுக்கு எது?

ரெண்டு வயசு வரைக்கும் தொடுறதும் முகர்றதும் போதும். கற்பூரவள்ளி இலையைக் கசக்கி மூக்குக்கிட்ட காட்டுங்க, மழைத்தண்ணியில கையை நீட்ட விடுங்க. மூணு, நாலு வயசுல ஒரு பொறுப்பு கொடுக்கலாம், ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்துறது, காக்காவுக்குச் சோறு வைக்கிறது. இந்த வயசுக்குக் காத்திருப்பு கஷ்டம், அதனால வெந்தயத்தைத் தூவுங்க, ரெண்டு மூணு நாள்ல முளைச்சிடும். கொத்தமல்லி ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதைத் தொடக்கத்துலயே கொடுத்தா ஆர்வம் போயிடும். அஞ்சு, ஆறு வயசுல ஒரு நோட்டு. எழுதத் தெரியணும்னு இல்லை, படம் வரைஞ்சு தேதி போட்டாப் போதும்.

கவனமா இருக்க வேண்டியவை

நான் "பயப்படாதீங்க"ன்னு சொன்னதை "எதைப் பார்த்தும் பயப்படாதீங்க"ன்னு எடுத்துக்க வேண்டாம்.

முடி இருக்குற புழுவை, அதாவது கம்பளிப்பூச்சியை, தொடக்கூடாது. பட்டுட்டா தேய்க்காம, செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து முடியை நீக்கிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்க. மண் கூடு வேற, கதண்டுக் கூடு வேற. கதண்டு கூட்டமாத் துரத்திக் கொட்டும், உயிருக்கே ஆபத்து. பெருசா, காகிதம் மாதிரி இருக்குற கூட்டைப் பார்த்தா யாரும் கிட்டப் போகாம தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்க. அரளியில எல்லாப் பாகமும் விஷம். எருக்கம்பால் கண்ணுல படக்கூடாது. வெள்ளையும் பச்சையுமா பெரிய இலையோட ஹால்ல அழகுக்கு வைக்கிற டைஃபன்பாக்கியா செடியைக் குழந்தை கடிச்சா வாயும் நாக்கும் வீங்கிடும், அதை எட்டாத இடத்துல வையுங்க.

தொட்டிக்கு அடியில இருக்குற தட்டுல தண்ணி நின்னா ஒரு வாரம் பத்து நாள்ல கொசு வந்துடும், டெங்கு பரப்புற கொசு உட்பட. வாரத்துக்கு ஒரு தடவை கொட்டிடுங்க, அந்தப் பொறுப்பையும் குழந்தைக்கே கொடுக்கலாம். பால்கனிக் கம்பி பக்கத்துல ஏறி நிக்கிற மாதிரி ஸ்டூல், தொட்டி எதுவும் வேண்டாம். பார்த்து முடிச்சதும் கை கழுவணும். இது எங்க வீட்டுல சட்டம்.

போனை என்ன பண்றது?

நான் ஆப்களைத் தூக்கிப் போடலை, இடத்தை மாத்தினேன். பகல்ல பாப்பா கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலைன்னா, ராத்திரி நான் மட்டும் பார்ப்பேன். பறவைக் குரலுக்கு மெர்லின், செடி, பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட் நல்லா இருக்கு. அடுத்த நாள் பேச்சு வாக்குல சொல்லுவேன். கொஞ்சம் பெரிய குழந்தைங்கன்னா, ஜனவரியில நடக்குற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல கலந்துக்கலாம். வீட்டு வாசல்ல, மாடியில நின்னு 15 நிமிஷம் கண்ணுல பட்ட பறவைகளை எண்ணி, இபேர்ட் தளத்துல ஏத்தினாப் போதும். காக்காவும் கணக்குதான்.

கடைசியா

ரெண்டு கூட்டுப்புழுவுல ஒண்ணு ஒரு புதன்கிழமை காலையில நிறம் மாறிக் கறுத்திருந்துச்சு. உள்ள சிறகு தெரிய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு ஒன்பதரைக்கு டீம் மீட்டிங். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனேன். முடிய நாப்பது நிமிஷம் ஆச்சு. திரும்பி வந்தப்போ காலி ஓடுதான் இருந்தது. பட்டாம்பூச்சி செம்பருத்திக் கிளையில சிறகை விரிச்சுக் காய வச்சுட்டு இருந்துச்சு. அது வெளியே வந்ததைப் பார்த்தது பாப்பாவும் அம்மாவும்தான். "சுருங்கிப்போய் வந்துச்சு மாமா, அப்புறம் பெருசாச்சு"ன்னு கையை விரிச்சுக் காட்டினா. நீ வரலையேன்னு அவ கேட்கலை. எனக்குத்தான் அது இன்னும் உறுத்துது.

போன மாசம் அதே ஜன்னல் ஓரத்துல, அந்தப் பழைய மண் கறைக்குக் கொஞ்சம் மேல, ஒரு குளவி கூடு கட்ட ஆரம்பிச்சிருக்கு. அதே குளவியா இருக்க வாய்ப்பில்லை, அதுங்களுக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது. பாப்பாகிட்ட அதைச் சொல்லலை, அவ அதேதான்னு நம்புறா. சனிக்கிழமை நான் துடைப்பத்தை எடுத்ததும் ஓடி வந்து ஜன்னலுக்கு முன்னாடி நின்னுக்கிட்டா. "இடிக்க மாட்டேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, நகராம அங்கயே நின்னா. நான் ஹாலைப் பெருக்கி முடிக்கிற வரைக்கும் நின்னா.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டுல ஒரு இடத்தைக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க, ஒரு தொட்டியோ, ஜன்னலோ, சுவர் மூலையோ. தினமும் அஞ்சு நிமிஷம், போன் இல்லாம, கூட உட்காருங்க. ஏழாவது நாள் அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு மெயில் பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன். மீட்டிங் இருந்தா பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க. அனுபவத்துல சொல்றேன்.